மூச்சு வந்துவிட்டது, கால் இன்னும் வரவில்லை

வாசகர் கேள்வி பதில்: ஓட்டமும் உடலும்

கேள்வி: சேர், எனக்கு 54 வயது. பாடசாலைக் காலத்தில் 1500, 5000 மீற்றர் ஓடினேன். 18 வயதில் 5000 மீற்றரை 16 நிமிடம் 20 செக்கனில் முடித்ததுதான் என் சிறந்த நேரம். அதற்குப் பிறகு நாட்டு நிலைமை, வேலை, கல்யாணம், பிள்ளைகள் என்று முப்பது வருடத்துக்கு மேல் போய்விட்டது. அப்போது 60 கிலோ, இப்போது 81. அடுத்த வருடம் மூத்தோர் போட்டியில் 5000 மீற்றரை 20 நிமிடத்துக்குள் ஓட ஆசை. இரண்டு மாதமாக ஒரு நாளும் விடாமல் கல்லடிக் கடற்கரை மணலில் வெறுங்காலோடு ஓடினேன். முதல் மாதம் நல்ல முன்னேற்றம். இப்போது காலையில் எழும்பி முதல் அடி வைக்கும்போது இடது குதிகாலுக்கு மேலே உயிர் போகிறது, கொஞ்சம் நடந்தால் விட்டுவிடுகிறது. "இந்த வயதில் உங்களுக்கு இது தேவையா" என்கிறார் மனைவி. தொடரவா, விடவா?
வாசகர், கல்லடி

பதில்: விட வேண்டாம். ஆனால் இப்போது செய்கிற மாதிரித் தொடரவும் வேண்டாம்.

உங்களுக்கு நடந்திருப்பது, முன்பு நன்றாக ஓடியவர்கள் திரும்பி வரும்போது அநேகமாக எல்லாருக்கும் நடப்பது. புதிதாக ஓடத் தொடங்குகிறவருக்கு இது குறைவு, ஏனென்றால் அவருக்கு வேகமாக ஓடத் தெரியாது. உங்களுக்குத் தெரியும், அதுதான் சிக்கல். பயிற்சி தொடங்கி ஒன்றிரண்டு வாரத்திலேயே இரத்தத்தின் நீர்ப்பகுதி கூடுகிறது, இதயம் ஒரு துடிப்புக்கு முன்பைவிட அதிகமாக இரத்தம் தள்ளுகிறது. நான்கு முதல் ஆறு வாரத்துக்குள் தசைகளும் ஒட்சிசனை நன்றாகப் பயன்படுத்தப் பழகிவிடுகின்றன. அதனால் முதல் மாதம் "அட, பழைய ஆள் வந்துவிட்டான்" என்று தோன்றும். ஆனால் கெண்டைக்காலைக் குதிகாலோடு இணைக்கிற அந்தத் தடித்த நாண், ஊரில் குதிநரம்பு என்கிறோமே, அக்கிலிஸ் தசைநாண், அது அப்படியில்லை. அதற்குள் இரத்த ஓட்டம் குறைவு, அது பலப்பட மாதக்கணக்கு வேண்டும். எலும்பும் அப்படியே. மூச்சு ஒரு மாதத்தில் தயாராகும், தசைநாண் நான்கு மாதம் கேட்கும். நீங்கள் மூச்சின் பேச்சைக் கேட்டு ஓடினீர்கள், அடி விழுந்தது தசைநாணுக்கு. இனி உங்கள் பயிற்சியை முடிவு செய்ய வேண்டியது உடம்பில் ஆக மெதுவாகத் தேறுகிற உறுப்புத்தான். இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் மீதி எல்லாம் தானாகச் சரியாக வரும்.

நானும் இதைக் கேட்டு அறிந்தவன் இல்லை, பட்டு அறிந்தவன். 49 வயதில் ஒரு பழைய மாணவர் ஒன்றுகூடலில் அஞ்சலோட்டம் ஓடச் சொன்னார்கள். இருபது வருடத்துக்குப் பிறகு கையில் கோலை வாங்கினேன், அறுபது மீற்றர் வரை ஒரு குறையும் இல்லை, அதற்குப் பிறகு யாரோ பின்னாலிருந்து கெண்டைக்காலில் கல்லால் எறிந்த மாதிரி இருந்தது. தசை கிழிந்துவிட்டது. ஏழு வாரம் நொண்டினேன். அந்த ஏழு வாரத்தில் படித்ததும், பிறகு என்னைப்போல் திரும்பி வந்த பலரோடு ஓடிப் பார்த்ததும்தான் இங்கே எழுதுவது.

முதலில் மணல். மணல் மெத்தென்று இருப்பதால் காலுக்கு நல்லது என்று எல்லாரும் நினைக்கிறார்கள். மென்மணலில் ஒவ்வொரு அடியிலும் குதிகால் கீழே புதைகிறது, தசைநாண் வழமையைவிட அதிகமாக இழுபடுகிறது, தள்ளி எழும்பக் கெண்டைக்கால் கூடுதலாக உழைக்கிறது. அலை நனைத்த இறுகிய மணலுக்குப் போனால் அது கடலை நோக்கிச் சரிந்திருக்கும், ஒரு கால் எப்போதும் பள்ளத்தில் ஓடும். ஆண்டுக்கணக்காகச் சப்பாத்துப் போட்டுப் பழகிய கால், திடீரென்று வெறுங்காலில், அதுவும் 81 கிலோவோடு, அதுவும் நாள் தவறாமல்! ஓடும்போது ஒவ்வொரு அடிக்கும் உடல் எடையைப்போல் இரண்டரை மடங்கு பாரம் காலில் இறங்குகிறது. 60 கிலோவுக்கும் 81 கிலோவுக்கும் இருக்கிற வித்தியாசம் இப்படிக் கணக்குப் பார்த்தால் ஒரு அடிக்கு ஐம்பது கிலோ, ஒரு மூட்டை அரிசி. ஒரு கிலோமீற்றருக்கு ஏறத்தாழ ஆயிரம் அடி வைக்கிறோம்.

ஆகவே இப்போதைக்குக் கடற்கரையை நடக்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஓட்டத்தைச் சமதரைக்கு மாற்றுங்கள். 1924 இல் கட்டிய நம்முடைய பழைய கல்லடிப் பாலம் இருக்கிறது, பெரிய வாகனங்களின் நெருக்கடி புதுப் பாலத்தில்தான். பாலத்தைக் கடந்து மட்டக்களப்பு நகருக்குள் போனால் வெபர் மைதானத்தின் புல்தரை. வாவியோர வீதிகள் அதிகாலையில் ஆளில்லாமல் கிடக்கும். கல்முனை பிரதான வீதியில் மட்டும் இருட்டோடு ஓடாதீர்கள். முதல் பஸ்கள் வருகிற வேகம் உங்களுக்குத் தெரியும். வேறு வழியில்லை என்றால் வெளிர் நிறச் சேட்டு, வீதியின் வலது பக்கம், வருகிற வாகனத்தைப் பார்த்தபடி.

இனிக் குதிகால். நீங்கள் சொல்கிற காலை வலியும், நடந்தால் விடுவதும் தசைநாண் நோயின் வழமையான அடையாளம். முழு ஓய்வு எடுத்தால் வலி போகும், திரும்ப ஓடினால் திரும்ப வரும். தசைநாணுக்கு வேண்டியது அளவான பாரம். இதற்கு சுவீடன் எலும்பு மருத்துவர் ஹோகன் அல்பிரெட்சனும் குழுவினரும் 1998 இல் ஒரு முறையை வெளியிட்டார்கள், செலவில்லாதது, வீட்டுப் படியிலேயே செய்யலாம். படியின் விளிம்பில் முன்பாதங்களால் நில்லுங்கள், குதிகால் வெளியே இருக்கட்டும். இரண்டு காலாலும் எழும்புங்கள், பிறகு பாரம் முழுவதையும் நோகிற காலுக்குக் கொடுத்து, குதிகாலை ஆறுதலாகப் படிமட்டத்துக்குக் கீழே இறக்குங்கள். எழும்புவது இரண்டு காலால், இறக்குவது ஒரு காலால். முழங்காலை நேராக வைத்து 15 தடவையாக மூன்று முறை, முழங்காலைச் சற்று மடக்கி அதேபோல் மூன்று முறை, காலையும் மாலையும், 12 வாரம். செய்யும்போது கொஞ்சம் நோகும், அது பரவாயில்லை. பத்துக்கு மூன்று நான்கு அளவு வலி, மறுநாள் காலையில் முந்திய நாளைவிடக் கூடவில்லை என்றால் சரியான பாதையில் போகிறீர்கள். வலி குதிகால் எலும்பு ஒட்டுகிற இடத்திலேயே இருந்தால் படிமட்டத்துக்குக் கீழே இறக்க வேண்டாம், வெறுந்தரையில் செய்யுங்கள். பலர் மூன்றாம் வாரம் "ஒன்றும் தெரியவில்லையே" என்று விட்டுவிடுகிறார்கள். தயவுசெய்து விடாதீர்கள்.

இங்கே இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். சிப்ரோபிளொக்சசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லிக் குளிசையும் அதே குடும்பத்து மற்றக் குளிசைகளும் அக்கிலிஸ் தசைநாணைப் பலவீனப்படுத்தி, சிலருக்கு அறுத்தும் விடுகின்றன. டொக்டர் எந்த வருத்தத்துக்காவது அதை எழுதினால், நான் ஓடுகிறேன், குதிநரம்பு நோகிறது என்று சொல்லுங்கள். ஒரு நாள் 'டக்' என்ற சத்தத்தோடு கால் விட்டுப்போய், நுனிக்காலில் எழும்ப முடியாமல் போனால் எண்ணெய் தேய்த்துக்கொண்டு வீட்டில் இருக்க வேண்டாம், அன்றைக்கே ஆஸ்பத்திரி.

ஆஸ்பத்திரி என்றதும், திரும்ப ஓடத் தொடங்குவதற்கு முன் பிரஷர், சீனி, கொலஸ்ட்ரோல், ஈசிஜி பார்த்துவிடுங்கள். 54 வயது, எடை கூடியவர், முப்பது வருட இடைவெளி. தெற்காசியருக்கு மாரடைப்பும் நீரிழிவும் மற்றவர்களைவிட முந்தியே வருகின்றன, ஆண்களுக்கு இடுப்புச் சுற்று 90 சென்ரிமீற்றரைத் தாண்டினாலே அபாயம் தொடங்குகிறது. குடும்பத்தில் யாருக்காவது இளவயதில் மாரடைப்பு வந்திருந்தால், ஓடும் பட்டியில் நடக்கவிட்டு ஈசிஜி எடுக்கிற பரிசோதனை உங்களுக்கு வேண்டுமா என்று டொக்டரிடம் கேளுங்கள். ஓடும்போது நெஞ்சில் பாரம், தாடைக்கோ இடது கைக்கோ பரவுகிற வலி, தலைச்சுற்று, வழமைக்கு மாறான மூச்சுத்திணறல் வந்தால் "இந்தச் சுற்றை முடித்துவிட்டு நிற்போம்" என்பது கூடாது. அந்த இடத்திலேயே நில்லுங்கள், 1990 ஐ அழையுங்கள். உங்கள் மனைவி கேட்ட கேள்விக்குள் இந்தப் பயம்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். பரிசோதனை முடிவை அவருக்கும் காட்டுங்கள், முடிந்தால் நடக்கிற நாட்களில் கூட்டிக்கொண்டு போங்கள்.

சரி, நேரக் கணக்குக்கு வருவோம். 16.20 என்றால் 400 மீற்றர்ச் சுற்று ஒன்றுக்கு 78 செக்கன். 20 நிமிடம் என்றால் 96 செக்கன். பழைய காலத்தோடு பார்த்தால் 96 மிக இலகுவாகத் தெரியும். ஆனால் ஒட்சிசனைப் பயன்படுத்தும் ஆற்றல் 30 வயதுக்குப் பிறகு, சும்மா இருப்பவருக்குப் பத்து வருடத்துக்கு 10 வீதமளவில் குறைகிறது, விடாமல் பயிற்சி செய்கிறவருக்கு ஏறத்தாழ அதில் பாதி. மூத்தோர் மெய்வல்லுநரில் வயதுக்கேற்ப நேரத்தை ஒப்பிடுகிற அட்டவணை இருக்கிறது. அதன்படி உங்கள் பழைய 16.20 ஐ 54 வயதுக்கு மாற்றினால் 19 நிமிடத்துக்குச் சற்று மேலே வரும். அதாவது 20 நிமிடத்துக்குள் ஓடினால், 18 வயதில் நீங்கள் இருந்த தரத்துக்குக் கிட்ட வந்துவிட்டீர்கள் என்று அர்த்தம். அது சின்ன விடயமில்லை. மனதில் பட்டதைச் சொல்கிறேன், அடுத்த வருடமே 20 நிமிடம் வரும் என்று நான் நம்பவில்லை. 22 வரும் என்று நம்புகிறேன். அதற்கடுத்த வருடம் 20 ஐத் துரத்தலாம்.

எப்படி என்றால், முதல் மூன்று வாரம் நடை, சைக்கிள், படிப் பயிற்சி. காலை வலி குறைந்ததும் ஒரு நிமிட ஓட்டம், இரண்டு நிமிட நடை என்று அரை மணித்தியாலம், ஒரு நாள் விட்டு ஒரு நாள். ஓட்டத்தைக் கூட்டி நடையைக் குறைத்து, மூன்றாவது நான்காவது மாதத்தில் 40 நிமிடம் நிற்காமல் ஓடுங்கள். அதுவரை எல்லாமே மெதுவான ஓட்டம். மெதுவென்றால் பக்கத்தில் வருகிறவரோடு முழு வசனம் பேசுகிற அளவு. நாடித்துடிப்பைச் சூத்திரம் போட்டுப் பார்க்கலாம்தான், 220 இலிருந்து வயதைக் கழித்தால் உங்களுக்கு உச்சம் 166, 208 இலிருந்து வயதின் 0.7 மடங்கைக் கழித்தால் 170. ஆனால் இரண்டும் சராசரிதான், ஆளுக்கு ஆள் பத்துப் பன்னிரண்டு துடிப்பு மாறும். பேச்சே போதும். இந்த மாதங்களில் பழைய நேரங்கள் எழுதிய கொப்பியையும் மணிக்கூட்டையும் அலுமாரியில் வைத்துப் பூட்டிவிடுங்கள் என்பேன்.

நான்கு மாதத்துக்குப் பிறகு வேகம். 18 வயதில் திங்கள் கடும் பயிற்சி, புதன் திரும்பவும் கடும் பயிற்சி என்று ஓடியிருப்பீர்கள். ஐம்பதைத் தாண்டிய தசை ஆறுவதற்கு நேரம் எடுக்கும், ஐந்து நாளுக்கு ஒரு கடும் பயிற்சி போதும். முதலில் மெது ஓட்டத்தின் கடைசியில் 80 மீற்றர் ஐந்தாறு தடவை, முழு வேகத்துக்கு ஒரு படி குறைவாக. பிறகு இரண்டு நிமிடம் வேகம், இரண்டு நிமிடம் மெது, ஆறு தடவை. அதற்கும் பிறகுதான் 400 மீற்றர்ச் சுற்றுகள், முதலில் 105 செக்கனில், படிப்படியாக 96 க்கு. 3000 மீற்றரைப் பதினொன்றரை நிமிடத்தில் முடிக்கிற நாள் வந்தால் 20 நிமிடம் கையெட்டும் தூரத்தில் இருக்கிறது. கிழமைக்கு இரண்டு நாள் குந்தி எழும்புதல், நுனிக்காலில் எழும்புதல், படி ஏறுதல். இது கட்டாயம், ஏனென்றால் வயது போகப் போக ஓட்ட வேகம் பெரும்பாலும் கெண்டைக்காலின் தள்ளு விசையில்தான் குறைகிறது.

வெப்பமான கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் ஐந்தே காலுக்குத் தொடங்கி ஆறரைக்குள் வீட்டுக்கு வந்துவிடுங்கள். வெயிலுக்கு உடல் பழக 10 முதல் 14 நாள் எடுக்கும், அந்த நாட்களில் நேரம் மோசமாக இருந்தால் மனம் உடையாதீர்கள். சாப்பாட்டில் சோற்றைக் கொஞ்சம் குறைத்து மீன், முட்டை, பயறு, அவித்த கச்சான் கடலை, நம்மூர் எருமைத் தயிர் என்று புரதத்தைக் கூட்டுங்கள். வயது போன தசைக்கு ஒரு வேளையில் 30 கிராம் புரதமாவது தேவை. தயிரில் சீனியும் பாணியும் வேண்டாம். எடை மாதத்துக்கு ஒன்றரைக் கிலோ குறைந்தால் போதும், பட்டினி கிடந்து ஓடினால் தசைநாண் ஆறாது.

எட் விட்லொக் என்ற கனடாக்காரரை உங்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டும். இளவயதில் இங்கிலாந்தில் ஓடியவர், கனடாவுக்குக் குடிபெயர்ந்ததோடு விட்டுவிட்டார், நாற்பதைத் தாண்டித்தான் திரும்பத் தொடங்கினார். வீட்டுக்குப் பக்கத்து மயானத்துக்குள் சுற்றிச் சுற்றி மணித்தியாலக் கணக்கில் மெதுவாக ஓடுவார். 2004 இல், 73 வயதில், மரதனை 2 மணி 54 நிமிடம் 48 செக்கனில் முடித்தார். ஒரு கிலோமீற்றருக்கு நான்கு நிமிடமும் பத்துச் செக்கனும் கூட இல்லை. நீங்கள் 5 கிலோமீற்றருக்குக் கேட்கிற வேகத்துக்குக் கிட்டிய வேகத்தை அவர் 42 கிலோமீற்றருக்கு வைத்திருந்தார். அவரும் அடிக்கடி காலில் வலி வந்து மாதக்கணக்கில் நின்றவர்தான், ஒவ்வொரு தடவையும் நடையிலிருந்து தொடங்கினார்.

கேள்வி: வயது 47. பாடசாலையில் 800 மீற்றர் ஓடி மாகாணம் வரை போனேன். திரும்ப ஓட விருப்பம். ஓடினால் முழங்கால் தேய்ந்துவிடும் என்று அம்மா பயமுறுத்துகிறார், சனம் என்ன சொல்லும் என்ற கூச்சமும் இருக்கிறது.
வாசகி, காரைதீவு

பதில்: அம்மாவின் பயம் ஊரெல்லாம் இருக்கிற பயம். 2017 இல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். இடுப்பு, முழங்கால் மூட்டுத் தேய்வு பொழுதுபோக்காக ஓடுகிறவர்களில் 3.5 வீதம், ஓடாமல் உட்கார்ந்திருப்பவர்களில் 10.2 வீதம். போட்டிக்காக மிகக் கடுமையாக ஓடுகிறவர்களில் மட்டும்தான் அது 13.3 வீதம். முழங்காலுக்குள் இருக்கிற குருத்தெலும்புக்கு இரத்தக் குழாய் கிடையாது. அமுங்கி விரியும்போதுதான் அதற்குச் சத்துப் போகிறது, நடக்கவும் ஓடவும் அது வாழும். ஏற்கெனவே முழங்கால் வீங்குவதோ சிக்குவதோ இருந்தால் மட்டும் காட்டிவிட்டுத் தொடங்குங்கள்.

உங்கள் வயதில் இதைவிட முக்கியமானது எலும்பு. மாதவிடாய் நிற்கிற காலத்தில் பெண்களுக்கு எலும்பின் அடர்த்தி வேகமாகக் குறைகிறது. ஓட்டமும் பாரம் தூக்குகிற பயிற்சியும் அதைத் தடுக்க உதவும், நீச்சலுக்கோ சைக்கிளுக்கோ அந்தளவு பலன் இல்லை. இரத்தப்போக்கு அதிகமாக இருந்தால் ஹீமோகுளோபினைப் பாருங்கள், காரணமில்லாமல் மூச்சு வாங்குவது பயிற்சிக் குறைவாலும் இருக்கலாம், இரும்புச்சத்துக் குறைவாலும் இருக்கலாம். தும்மும்போதோ ஓடும்போதோ சிறுநீர் கசிந்தால் அதற்கும் பயிற்சி இருக்கிறது, கிளினிக்கில் கூச்சப்படாமல் கேளுங்கள். இதை யாரும் வெளியே சொல்வதில்லை, அதனாலேயே எத்தனையோ பெண்கள் ஓட்டத்தை விட்டுவிடுகிறார்கள்.

சனத்தைப் பற்றி என்ன சொல்ல. முல்லைத்தீவு முள்ளியவளையைச் சேர்ந்த அகிலத்திருநாயகி 2023 இல் பிலிப்பைன்ஸில் நடந்த மூத்தோர் மெய்வல்லுநர் போட்டியில் 72 வயதில் தங்கம் வென்றுவந்தபோது நாடே கொண்டாடியது. நீங்கள் அவரைவிட இருபத்தைந்து வயது இளையவர். கூட இரண்டு மூன்று பேரைச் சேர்த்துக்கொண்டு விடியற்காலையில் கடற்கரை வீதியில் நடையாகத் தொடங்குங்கள், தனியாகப் போனால் பார்க்கிற சனம் நான்கு பேராகப் போனால் "நாங்களும் வரட்டா" என்று கேட்கும். எங்கள் பக்கத்தில் அப்படி நடந்ததைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: வயது 44. பத்துக் கிலோமீற்றர் ஓட்டத்துக்குப் பயிற்சி எடுத்து வருகிறேன். நோன்பு மாதத்தில் விட்டால் எல்லாம் போய்விடுமா?
வாசகர், சாய்ந்தமருது

பதில்: போகாது. ஒரு மாதம் முழுவதும் சும்மா இருந்தால் குறையும், அளவைப் பாதியாக்கி ஓடினால் பெரும்பகுதி நிற்கும். நோன்பு திறப்பதற்கு முன் அரை மணித்தியாலம் மெது ஓட்டம், முடியும்போதே தண்ணீருக்கு நேரமாகிவிடும். வேகப் பயிற்சி வேண்டுமென்றால் தராவீஹ் இரவுத் தொழுகைக்குப் பிறகு, கிழமைக்கு ஒரு தடவை, சுருக்கமாக. விடியலுக்கு முந்திய ஸஹர் சாப்பாட்டுக்குப் பிறகு ஓடி நாள் முழுவதும் தாகத்தில் இருப்பது வேண்டாம். நீரிழிவுக்குக் குளிசையோ இன்சுலினோ எடுப்பவரென்றால் நேரமும் அளவும் டொக்டர் சொன்னபடிதான், அந்த மாதம் தனியாக ஓட வேண்டாம்.

கேள்வி: விலை கூடிய ஓட்டச் சப்பாத்து வாங்கினால் வேகம் கூடுமா? எனக்கு 58.
வாசகர், திருக்கோவில்

பதில்: போட்டியில் சில செக்கன் கிடைக்கலாம். பயிற்சிக்கு அது வேண்டாம், உள்ளே தகடு வைத்த தடித்த சப்பாத்துக்குக் கால் பழகவே தனிக் காலம் வேண்டும். பின்னேரம் கடைக்குப் போங்கள், அப்போதுதான் கால் சற்று வீங்கியிருக்கும். பெருவிரலுக்கு முன்னால் ஒரு விரல் அகலம் இடம் விட்டு, போட்டுக்கொண்டு கடைக்குள்ளேயே நாலு அடி ஓடிப் பார்த்து, எது காலுக்குச் சுகமோ அதை வாங்குங்கள். அறுநூறு எழுநூறு கிலோமீற்றர் ஓடியதும் அடிப்பாகம் இறுகிவிடும், அப்போது மாற்றுங்கள். மழையில் நனைந்தால் வெயிலில் காயவைக்காமல் உள்ளே பழைய பேப்பரைத் திணித்து நிழலில் வையுங்கள், நம்மூர் வெயிலில் பசை விட்டுவிடும்.